பாம்புகளைச் சூடும் புனிதர்: கொக்குல்லோ மலையூரின் மே மாதத் திருவிழா

சோரா நகரத்துப் புனித தொமினிக் இறந்தது 1031ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள். திருச்சபை நாட்காட்டியில் அவருடைய நினைவு நாளும் அதுவே. ஆனால் மத்திய இத்தாலியின் அப்ருத்சோ மலைநாட்டிலுள்ள கொக்குல்லோ என்ற சிற்றூர் தன் பாதுகாவலருக்குப் பெருவிழா எடுப்பது மே மாதத்தில். ஜனவரியில் அந்த மலைச்சரிவுகளில் பனி மூடிக் கிடக்கும். பாம்புகள் பாறையிடுக்குகளில் குளிர்கால உறக்கத்தில் இருக்கும். அவை விழித்தெழுந்து வெயில் காய வெளியே வரும் வசந்த காலம்வரை கொக்குல்லோவின் திருவிழாவும் காத்திருக்கிறது. ஏனென்றால், அங்கே பவனி வரும் புனிதரின் சுரூபத்துக்கு உயிருள்ள பாம்புகளே மாலை.

கொக்குல்லோவில் இன்று நிலையாக வாழ்வோர் ஏறக்குறைய இருநூறு பேர். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், மேற்கே மார்சிகா நிலப்பரப்புக்கும் கிழக்கே பெலீஞா பள்ளத்தாக்குக்கும் நடுவே அமைந்திருக்கிறது. ரோமிலிருந்து பெஸ்காராவுக்குப் போகும் ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் அதை ஒட்டியே செல்கின்றன. ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும் இந்த ஊருக்குள் விழா நாளில் பல்லாயிரம் பேர் வந்து நிறைகிறார்கள். செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் பாம்புகள் நெளியும் சுரூபத்தை ஆண்டுதோறும் படமெடுத்து, ஒரு விசித்திரக் காட்சியாக உலகுக்குக் காட்டுகின்றன. கூடவே ஆயத்தமான ஒரு விளக்கமும் சொல்லப்படுகிறது: கிறித்தவத்துக்கு முந்தைய பாம்புத் தெய்வ வழிபாடு புனிதரின் பெயரில் ஒளிந்து வாழ்கிறது என்பது அது.

இந்த விளக்கத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், விழாவின் தோற்றத்தைப் பற்றி ஏதோ அறிந்தவர்களாவோமே தவிர, அதன் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அறியாதவர்களாகவே இருப்போம். கொக்குல்லோவின் விழா இன்றுவரை நிலைத்திருப்பது அது பழையது என்பதற்காக மட்டும் அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து அச்சத்தை அந்த விழாவின் கையில் கொடுத்து வந்திருக்கிறது. விழாவும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறவியும் அவர் விட்டுச்சென்ற பல்லும்

தமிழ்க் கத்தோலிக்கர் சாமிநாதர் என்று அழைக்கும் புனித தொமினிக் வேறு, இவர் வேறு. அவர் ஸ்பெயின் நாட்டவர், 13ஆம் நூற்றாண்டில் போதகர் சபையை நிறுவியவர். கொக்குல்லோவின் தொமினிக் அவருக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் முந்தியவர். 951இல் இத்தாலியின் ஃபொலீஞோ நகரில் பிறந்து, ஆசீர்வாதப்பர் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியானார். ஒரு மடத்தில் நிலைத்து உட்காரும் இயல்பு அவருக்கு இல்லை. தனிமையைத் தேடி மலைக்குப் போவார்; அவரைத் தேடி மக்கள் வருவார்கள்; அங்கே ஒரு மடம் எழும்; அதை ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு அடுத்த மலைக்கு நகர்வார். லாத்சியோ, அப்ருத்சோ பகுதிகளில் இப்படி அவர் நிறுவிய மடங்கள் பல. அவற்றுள் புகழ்பெற்றது சோரா அருகே லீரி, ஃபிப்ரேனோ ஆறுகள் கூடுமிடத்தில் உள்ள மடம். ரோமானியப் பேச்சாளர் சிசரோ பிறந்த வீடு இருந்ததாகக் கருதப்படும் இடம் அது. அங்கேயே அவர் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய வாழ்க்கையை அவர் சீடரான யோவான் எழுதினார். மொந்தெ கசினோ மடத்துத் துறவி அல்பெரிக்கும் எழுதினார். அந்த மரபில் வரும் புதுமைக் கதைகள் மலைமக்களின் வாழ்வோடு ஒட்டியவை. அவருக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்ட மீன்களில் சிலவற்றைக் கொண்டுவந்தவர்கள் வழியிலேயே ஒளித்துவைத்தார்கள்; திரும்பிப் போய்ப் பார்த்தபோது அங்கே மீன்களுக்குப் பதிலாகப் பாம்புகள் இருந்தன என்பது ஒரு கதை. ஓநாய் தூக்கிச் சென்ற குழந்தையை, புனிதரின் கட்டளைக்குப் பணிந்து ஓநாயே திரும்பக் கொண்டுவந்து விட்டது என்பது மக்களிடையே வழங்கும் இன்னொரு கதை. கியெத்தி மாகாணத்தின் பிரெத்தோரோ என்ற ஊரில் இந்த ஓநாய்க் கதையை மே மாதத்தில் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

கொக்குல்லோவின் சொந்த மரபு இவற்றைவிட எளிமையானது. புனிதர் அந்த ஊரில் சில காலம் தங்கினாராம். புறப்படும்போது, போகவேண்டாம் என்று வருந்திய மக்களுக்குத் தம் கடைவாய்ப் பல் ஒன்றையும், தாம் ஏறிவந்த கோவேறு கழுதையின் லாடம் ஒன்றையும் கொடுத்துச் சென்றாராம். இவ்விரண்டுமே ஊர் ஆலயத்தின் திருப்பண்டங்கள். அரசரின் மணிமுடியோ தேவதூதரின் இறகோ இல்லை. ஒரு பல், ஒரு இரும்பு லாடம். கடிக்கும் உறுப்பு ஒன்று. கால்நடையின் காலடி மற்றொன்று. கடிபடும் அச்சத்தோடு வாழ்ந்த மேய்ச்சல் சமூகம் ஒன்று தனக்குத் தேவையான இரண்டையும் புனிதரிடமிருந்து பெற்றுக்கொண்டது.

விழா நாள்

விழாவுக்கான வேலை மார்ச் மாதமே தொடங்கிவிடும். சூசையப்பர் திருநாளான மார்ச் 19 அளவில், ‘செர்பாரி’ எனப்படும் பாம்பு பிடிப்போர் சரிவுகளில் இறங்குகிறார்கள். முன்பு இது சில குடும்பங்களின் கையில் இருந்த திறமை; தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. இன்று பெண்களும் இளைஞர்களும் இதில் இருக்கிறார்கள். கல்லடுக்குச் சுவர்களின் அருகே, பனி உருகிய சரிவுகளின் வெயில்படும் பக்கத்தில், குளிரின் மந்தம் இன்னும் நீங்காத பாம்புகளைத் தேடுகிறார்கள். எந்த இடத்தில் எந்த வேளையில் எந்தப் பாம்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். பிடித்த பாம்புகளை முற்காலத்தில் மண்கலங்களில் வைத்துப் பாதுகாத்தார்கள். இன்று காற்றோட்டமுள்ள பெட்டிகளில் வைக்கிறார்கள்.

பிடிக்கப்படுபவை எல்லாம் நஞ்சற்றவை. முதன்மையானது ‘செர்வோனே’ எனப்படும் நான்கு கோட்டுப் பாம்பு. இரண்டு மீட்டர் நீளத்துக்குக்கூட வளரும், ஆனால் சாதுவானது, கையில் எடுத்தால் பெரும்பாலும் கடிப்பதில்லை. மேய்ச்சல் நிலங்களில் இதைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு: மாட்டின் மடியில் வாய் வைத்துப் பால் குடிக்குமாம். மற்றொன்று அஸ்கிலெப்பியஸ் பாம்பு. கிரேக்க மருத்துவத் தெய்வத்தின் கோலைச் சுற்றிய பாம்பாகக் கருதப்படுவது. கொள்ளைநோய்க் காலத்தில், கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அத்தெய்வத்தின் பாம்பு கிரேக்கத்திலிருந்து ரோமுக்குக் கொண்டுவரப்பட்டதாக ரோமானிய மரபு சொல்கிறது. கரும்பச்சையும் மஞ்சளும் கலந்த, வேகமாக ஓடும் ‘பியாக்கோ’ மூன்றாவது. கழுத்தில் பட்டை உள்ள நீர்ப்பாம்பு நான்காவது. அந்த மலைகளில் விரியன் உண்டு. ஆனால் அது விழாவுக்கு வருவதில்லை.

விழா நாள் காலையில் ஆலயத்தில் மூன்று சடங்குகள் நடக்கின்றன. மூன்றும் மக்கள் தாமே செய்துகொள்பவை. முதலாவது மணியடித்தல். சிற்றாலயத்தில் தொங்கும் மணியின் சங்கிலியைக் கையால் இழுப்பதில்லை; பல்லால் கவ்வி இழுக்கிறார்கள். அப்படிச் செய்தவரைப் பல்வலி அண்டாது என்பது நம்பிக்கை. இரண்டாவது மண் எடுத்தல். புனிதரின் பீடத்துக்குப் பின்னுள்ள குகை போன்ற இடத்திலிருந்து பிடி மண் எடுத்துப் போகிறார்கள். அதை வயலில் தூவினால் தீங்கு செய்யும் உயிர்கள் அண்டா. வீட்டில் வைத்தால் காவல். மூன்றாவது திருப்பண்டத்தைத் தொடுதல். முன்பு கால்நடைகளுக்கு லாடத்தைத் தொடுவித்து வெறிநாய்க்கடியிலிருந்து காப்பு வேண்டுவார்கள்.

லாத்சியோ, கம்பானியா, மொலீசே பகுதிகளிலிருந்து திருப்பயணக் குழுக்கள் தத்தம் கொடியோடு பாடிக்கொண்டு வருவது பழைய வழக்கம். ஆலயத்திலிருந்து வெளியேறும்போது அவர்கள் புனிதருக்கு முதுகு காட்டுவதில்லை. பாடியபடியே பின்னோக்கி நடந்து வாசலைக் கடக்கிறார்கள். அப்பகுதி இடையர்களின் இசைக்கருவியான தோற்பை ஊதுகுழலின் ஓசை அந்தப் பாடலோடு சேர்ந்து ஒலிக்கும்.

திருப்பலி முடிந்து நண்பகலில் சுரூபம் வெளியே வருகிறது. வாசலில் காத்திருக்கும் செர்பாரிகள் தாங்கள் கொண்டுவந்த பாம்புகளை ஒவ்வொன்றாகப் புனிதரின் தோளிலும் கழுத்திலும் கைகளிலும் அணிவிக்கிறார்கள். சற்று நேரத்தில் பாம்புகள் தாமே சுற்றிக்கொள்கின்றன; கீழே நழுவப் பார்ப்பவற்றை அருகே நடப்பவர்கள் எடுத்து மீண்டும் மேலே விடுகிறார்கள். பாம்புகள் எங்கே சுற்றுகின்றன என்பதை ஊர்ப் பெரியவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். முகத்தை மூடிக் கண்களை மறைத்தால் ஆகாது. பவனியில் மரபுடை அணிந்த பெண்கள் இருவர் தலையில் கூடை சுமந்து நடக்கிறார்கள். கூடை ஒவ்வொன்றிலும் வளைய வடிவிலான இனிப்பு ரொட்டிகள் ஐந்து. சுரூபத்தையும் கொடியையும் சுமப்பவர்களுக்கு அவை நெடுங்கால உரிமையாகச் சேர்கின்றன. பாண்டு வாத்தியம் முழங்க, குறுகிய கற்படித் தெருக்களில் பவனி ஏறி இறங்குகிறது.

கூட்டத்தில் கவனிக்க வேண்டியது குழந்தைகளை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தயங்கி ஒதுங்கும்போது, உள்ளூர்ச் சிறுவர் சிறுமியர் கழுத்தில் பாம்போடு நிற்கிறார்கள். எதை எப்படிப் பிடிக்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கீத்தியாவின் வாரிசா?

கொக்குல்லோவுக்கு மேற்கே, இன்று வற்றவைக்கப்பட்டு வயல்வெளியாகிவிட்ட ஃபூச்சினோ ஏரியின் கரைகளில் பண்டைக் காலத்தில் மார்சி என்ற இனத்தார் வாழ்ந்தார்கள். அவர்களுடைய தெய்வங்களில் ஒருத்தி அங்கீத்தியா. பாம்புக் கடிக்கு மருந்தும் மந்திரமும் அறிந்தவள் என்று போற்றப்பட்டவள். இன்றைய லூக்கோ தேய் மார்சி என்ற ஊரின் அருகே அவளுடைய புனிதக் காடும் கோயிலும் இருந்தன. மார்சியர் பாம்பை அடக்க வல்லவர்கள் என்பது ரோமானியர்களிடையே பழமொழி அளவுக்குப் பரவிய கருத்து. மந்திரக்காரி கிர்கேயின் மகன் வழியில் வந்தவர்கள் என்பதால் அந்த ஆற்றல் அவர்களுக்கு வாய்த்தது என்று பிளினி எழுதுகிறார். தம் இனத்துக்குள்ளேயே மணம் செய்யும்வரைதான் அது நிலைக்கும் என்ற கருத்தை அவுலுஸ் கெல்லியஸ் பதிவு செய்கிறார். வெர்ஜில் தன் காவியத்தின் ஏழாம் காண்டத்தில் உம்ப்ரோ என்ற மார்சி பூசாரியைக் காட்டுகிறார். விரியனைத் தூங்கவைக்கவும் நஞ்சை இறக்கவும் தெரிந்த அவனுக்குப் போர்க்களத்து ஈட்டிக் காயத்தை ஆற்றும் மருந்து தெரியவில்லை. அவனுக்காக அங்கீத்தியாவின் காடும் ஃபூச்சினோவின் நீரும் அழுததாகக் கவிஞர் பாடுகிறார்.

இந்தச் சான்றுகளைப் பார்த்தவுடன் அங்கீத்தியாவிலிருந்து தொமினிக்வரை நேர்கோடு ஒன்றை இழுக்கத் தோன்றுவது இயல்பே. இலக்கியமும் அதற்கு ஊக்கமூட்டியது. அப்ருத்சோவில் பிறந்த கவிஞர் கப்ரியேலே டனுன்ட்சியோ 1905இல் வெளியிட்ட ‘மரக்காலின் கீழ் விளக்கு’ என்ற நாடகத்தில் பாம்பு பிடிப்பவர் ஒருவரைப் பழங்காலத்தின் குரலாகவே மேடையேற்றினார். கொக்குல்லோவுக்கு அண்டை ஊரான அன்வெர்சாவில் நடப்பதாக அமைந்த கதை அது.

ஆனால் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ரோமானிய நூல்களுக்கும் நமக்குத் தெரிந்த விழாவுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது. இன்றைய வடிவிலான பாம்புப் பவனியைத் தெளிவாக விவரிக்கும் பதிவுகள் அண்மை நூற்றாண்டுகளுக்கே உரியவை. புனிதரின் வாழ்க்கையை எழுதிய துறவிகள் கொக்குல்லோவின் பாம்புகளைப் பற்றி எழுதவில்லை. ஒரே நிலத்தில் இரண்டு காலங்களில் பாம்பு முக்கியத்துவம் பெற்றது என்பது உண்மை. அதனால் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று ஆகிவிடாது.

இவ்விழாவை மிக ஆழமாக ஆராய்ந்தவர் இத்தாலிய மானிடவியலாளர் அல்போன்சோ தி நோலா. 1976இல் வெளிவந்த அவருடைய நூல், இத்தாலியின் அடித்தளப் பண்பாடு ஒன்றின் மாய, சமயக் கூறுகளை ஆராய்கிறது. வனத்து அந்தோணியார் வழிபாடு, லொரேத்தோ அப்ரூத்தீனோ ஊரில் புனித சோப்பித்தோவின் முன் மண்டியிடும் எருது ஆகியவற்றோடு கொக்குல்லோவும் அதில் விரிவாக இடம்பெற்றது. ஒரு சடங்கின் பொருளை அதைச் செய்யும் மக்களின் உழைப்பிலும் வறுமையிலும் நோயிலும் தேட வேண்டும் என்ற நோக்கு அதில் மேலோங்கியது. பழைய தெய்வத்தின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு ஆய்வு முடிந்துவிடுவதில்லை என்ற தெளிவைக் கொக்குல்லோவைப் பற்றி எழுதும் எவரும் அந்த நூலிலிருந்து பெறலாம்.

அச்சத்தின் வரலாறு

கொக்குல்லோ மக்கள் எவற்றுக்கு அஞ்சினார்கள் என்பதை அந்த மூன்று சடங்குகளே சொல்லிவிடுகின்றன: பாம்புக்கடி, வெறிநாய்க்கடி, பல்வலி. மூன்றும் பல்லோடு தொடர்புடையவை. மூன்றும் திடீரென வருபவை. மூன்றுக்கும் அந்த மலையில் மருத்துவம் இருந்ததில்லை.

அப்ருத்சோவின் வாழ்வு நூற்றாண்டுகளாக ஆடுகளைச் சுற்றியே அமைந்தது. கோடையில் மலைமேய்ச்சல், குளிர் தொடங்குமுன் பல்லாயிரம் ஆடுகளோடு தெற்கே பூலியா சமவெளிக்கு நெடும்பயணம், வசந்தத்தில் மீண்டும் மலைக்கு. இந்த இடம்பெயர் மேய்ச்சலுக்கென அரச ஆணையால் காக்கப்பட்ட அகன்ற புல்வழிகள் இருந்தன. வெறுங்காலோடோ தோற்செருப்பு அணிந்தோ கற்குவியல்களுக்கு நடுவே நடக்கும் இடையனுக்கு விரியன் அன்றாட ஆபத்து. ஓநாயிலிருந்து மந்தையைக் காக்கப் பெரிய நாய்கள் தேவை; அந்த நாய்களில் ஒன்றுக்கு வெறி பிடித்தால் மந்தையும் போகும், ஆளும் போவான். 1885இல் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி போடும்வரை உலகில் எங்குமே அதற்கு மாற்று இல்லை. பாம்பு நஞ்சுக்கு எதிர்மருந்து பிறந்தது 1890களில். அது மலையூர்களை எட்டுவதற்கு மேலும் பல காலம் ஆனது.

இந்த நிலையில் சடங்கு செய்த வேலை என்ன? தென்னித்தாலியின் சலெந்தோ பகுதியில் 1959இல் கள ஆய்வு நடத்தி, 1961இல் தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட எர்னெஸ்தோ தெ மார்த்தீனோ இதற்கு ஒரு விடை தருகிறார். அங்கே சிலந்திக் கடியால் வந்ததாகச் சொல்லப்பட்ட துன்பத்தை இசையும் நடனமும் ஆற்றின. ஜூன் 29இல் கலாத்தீனா ஊரின் சின்னப்பர் சிற்றாலயத்தில் அது நிறைவு பெற்றது. தன்னை இழந்துவிடுவோமோ என்று நடுங்கும் மனிதருக்கு, அந்த நடுக்கத்தைக் குறித்த இடத்தில், குறித்த நாளில், சுற்றத்தார் முன் கடந்துவர ஒரு வழியைச் சடங்கு திறந்துவிடுகிறது என்பது அவர் கண்ட விளக்கம்.

கொக்குல்லோவுக்கும் இது பொருந்தும். ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. சலெந்தோவில் துன்பப்பட்டவர் தனியாள். கொக்குல்லோவில் அச்சத்தை எதிர்கொள்வது ஊர். பாம்பு நடமாட்டம் தொடங்கும் காலத்திலேயே, மந்தைகள் மலையேறுவதை ஒட்டி, ஊரார் தாமே போய்ப் பாம்பைத் தேடிப் பிடிக்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் பார்க்கப் புனிதரின் மேல் விடுகிறார்கள். எதைக் கண்டு ஓடினார்களோ அதைத் தொட்டு, பெயர் சொல்லி, பிள்ளைகளின் கையில் கொடுக்கிறார்கள். அந்த நேரத்தில் நஞ்சுள்ளது எது, நஞ்சற்றது எது என்ற அறிவும் சேர்ந்தே கைமாறுகிறது. விரியனை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கை மட்டும் எடுக்கும் செர்பாரியின் கண்ணில் நூற்றாண்டுகளின் கவனிப்பு இருக்கிறது. நம்பிக்கையும் இயற்கையறிவும் இங்கே இரண்டு தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒரே கையின் பழக்கம்.

பாம்புக்கும் சமயத்துக்கும் உள்ள இந்த உறவு கொக்குல்லோவோடு முடிந்துவிடவும் இல்லை. திருத்தூதர் பணிகள் நூலின் 28ஆம் அதிகாரத்தில் மால்டா தீவில் விரியன் சின்னப்பரின் கையைக் கவ்வியும் அவருக்குத் தீங்கு நேரவில்லை. அந்தப் பகுதியை அடியொற்றி, சின்னப்பரின் அருள் பெற்றவர்கள் என்று சொல்லிக்கொண்ட பாம்பாட்டிகள் தென்னித்தாலியிலும் சிசிலியிலும் ஊர் ஊராக அலைந்தார்கள். கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவில் மார்க்கோப்புலோ என்ற ஊரில், ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டித் தோன்றும் சிறு பாம்புகளை ஆலயத்துக்குள் கொண்டுவருகிறார்கள். பாம்பைச் சாத்தானின் வடிவாக மட்டுமே கிறித்தவம் பார்த்தது என்ற பொதுக்கருத்தை இந்த ஊர்களின் வழக்கங்கள் திருத்துகின்றன.

காவல் கேட்டவர்கள் காவலரானார்கள்

20ஆம் நூற்றாண்டில் கொக்குல்லோவின் பழைய அச்சங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. மருத்துவமனை வந்தது, தடுப்பூசி வந்தது, மந்தைகள் குறைந்தன. 1915 ஜனவரி 13இல் மார்சிகாவைத் தாக்கிய நிலநடுக்கம் சுமார் 30,000 பேரைக் கொன்றது. அதற்கு முன்னும் பின்னும் அமெரிக்காவுக்கும் ரோமுக்கும் வடநாட்டுத் தொழிற்சாலைகளுக்கும் மலைமக்கள் அலையலையாகப் போனார்கள். நூறாண்டுக்கு முன் ஆயிரத்தைத் தாண்டிய மக்கள்தொகை கொண்டிருந்த ஊர் இன்றைய நிலைக்குச் சுருங்கியது. தேவையே விழாவைத் தாங்கியது என்ற கருத்து சரியென்றால், தேவை தீர்ந்தபின் விழாவும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. இங்கேதான் விழாவின் புதிய வேலைகள் தொடங்குகின்றன.

முதல் வேலை, பிரிந்தவர்களைக் கூட்டுவது. மே மாதத்தின் முதல் வியாழனில் நடந்துவந்த விழா 2012 முதல் மே 1க்கு மாற்றப்பட்டது. உழைப்பாளர் நாளான அன்று நாடு முழுதும் விடுமுறை. வெளியூர்களில் வேலை பார்ப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வர முடியும். நாளை மாற்றினால் மரபு சிதையும் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஜனவரியிலிருந்து மே மாதத்துக்கு வந்த விழாதானே இது? தன் மக்கள் கூடக்கூடிய நாளைத் தேடிப் போவது இதன் பழைய இயல்பு.

இரண்டாவது வேலை இன்னும் வியப்புக்குரியது. ஐரோப்பியச் சமூகத்தின் 1992ஆம் ஆண்டு வாழிட நெறிமுறை நான்கு கோட்டுப் பாம்பைக் கண்டிப்பான காவலுக்குரிய உயிரினமாக அறிவித்தது. அதன் வாழிடங்களையும் காக்கச் சொன்னது. அஸ்கிலெப்பியஸ் பாம்பும் பியாக்கோவும்கூட அக்காவலுக்கு உட்பட்டவை. இத்தாலி இதை 1997ஆம் ஆண்டின் 357ஆம் எண் ஆணையால் தன் சட்டமாக்கியது. அதாவது, விழாவுக்காகப் பிடிக்கப்படும் நான்கு வகைகளில் மூன்றைப் பிடிப்பதே குற்றம். விழா சட்டத்தின் முன் நின்றது. பிறந்த தீர்வு நேர்மையானது: குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் சிறப்பு அனுமதி, பிடித்த இடம் பதிவாக வேண்டும், விழா முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும்.

அந்த நிபந்தனை ஒரு கூட்டுறவாக வளர்ந்தது. ஊர்வன ஆய்வாளர்களும் கால்நடை மருத்துவர்களும் விழாவுக்கு முன் கொக்குல்லோவுக்கு வருகிறார்கள். செர்பாரிகள் கொண்டுவரும் ஒவ்வொரு பாம்பின் நீளம், எடை, பாலினம், உடல்நிலை ஆகியவற்றைக் குறிக்கிறார்கள், நுண்சில்லு பொருத்துகிறார்கள். அடுத்த ஆண்டு அதே பாம்பு மீண்டும் பிடிபட்டால் அதன் வளர்ச்சியும் நடமாட்டமும் தெரிகிறது. ஒளிந்து வாழும் இயல்புடைய பாம்பினங்களைப் பற்றி ஆண்டுதோறும் இத்தனை தகவல் திரட்டுவது ஆய்வுக்கூடங்களுக்கு எளிதல்ல. ஒரு திருவிழா அதைச் செய்கிறது. எந்தக் கல்லடியில் எது கிடைக்கும் என்று காட்டுபவர் செர்பாரி. அதை எண்ணாக்குபவர் ஆய்வாளர்.

இதற்கு எதிர்ப்பும் உண்டு. அதைச் செவிமடுக்க வேண்டும். வாரக்கணக்கில் அடைபட்டிருப்பதும், கூச்சலும் கூட்டமும், பலர் கைபட்டு நெரிபடுவதும் பாம்புகளுக்குத் துன்பம் என்கிறார்கள் விலங்குநல ஆர்வலர்கள். பிடிக்கப்படும் காலம் அவை இணைசேரும் காலத்தோடு மோதுகிறது என்ற கவலையும் உண்டு. இவை நியாயமான கேள்விகள். அடைத்துவைக்கும் நாட்களைக் குறைப்பதும், வெளியார் கையில் பாம்பைக் கொடுத்துப் படமெடுக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்துவதும் அவசியம். ஆனால் விழாவையே தடுத்தால் பாம்புகளுக்கு நன்மை விளையுமா என்பது ஐயமே. கிராமப்புறங்களில் பாம்பின் பெரிய பகை கண்டவுடன் அடித்துக் கொல்லும் வழக்கம். கொக்குல்லோவில் வளரும் குழந்தை செர்வோனேயைக் கண்டால் கல்லெடுப்பதில்லை. எலிகளைத் தின்று வயலைக் காக்கும் அந்த உயிரைப் பெயர் சொல்லி அடையாளம் காண்கிறது. எந்தச் சட்டமும் அந்தப் பழக்கத்தைத் தானாக உண்டாக்கிவிட முடியாது. பாம்பிடமிருந்து காவல் கேட்டுத் தொடங்கிய சமூகம் இன்று பாம்புக்குக் காவலாக நிற்கிறது. அதற்காகத் தன் புனிதரைக் கைவிட வேண்டிய தேவை எழவில்லை.

எஞ்சியிருக்கும் அச்சம்

இன்று கொக்குல்லோவின் பெரிய அச்சம் ஊர் காலியாகிவிடுமோ என்பதே. கொரோனா தொற்றால் 2020இலும் 2021இலும் கூட்டமில்லாமல் போனபோது, ஒரு விழா தடைப்படுவது எவ்வளவு எளிது என்பது தெரிந்தது. செர்பாரியின் திறமையை நூலில் படித்துக் கற்க முடியாது. மார்ச் மாதத்து வெயிலில் மூத்தவர் ஒருவரின் பின்னால் நடந்தே கற்க வேண்டும். நடப்பதற்கு ஊரில் இளைஞர்கள் இருக்க வேண்டும். இருப்பதற்கு அவர்களுக்கு வேலையும் பள்ளியும் மருத்துவரும் வேண்டும். விழா நாளில் வரும் பல்லாயிரம் பேர் அடுத்த நாள் போய்விடுவார்கள். சுற்றுலா வருமானம் ஒரு நாளைத் தாங்கும், ஓராண்டைத் தாங்காது.

புனிதர் விழாக்களை ஆராய்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. எந்தத் தெய்வத்தின் இடத்தில் இந்தப் புனிதர் வந்தார் என்ற கேள்வி தேவையானதே. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, இந்த விழா இல்லாவிட்டால் இந்த மக்கள் எதை இழப்பார்கள் என்பது. கொக்குல்லோ மக்கள் 18ஆம் நூற்றாண்டில் தம் விழாவை இழந்திருந்தால், மருந்தில்லாத கடிக்கு எதிராக நின்ற ஒரே துணிவை இழந்திருப்பார்கள். இன்று இழந்தால், தம் மலையைப் பற்றிய அறிவையும், சிதறிய குடும்பங்கள் ஒன்றுகூடும் ஒரே நாளையும் இழப்பார்கள்.

ஐரோப்பியச் சட்டம் நான்கு கோட்டுப் பாம்பைக் காக்கிறது. அதன் வாழிடத்தை அழிக்காமல் விட்டாலே பாம்பு பிழைத்துக்கொள்ளும். விழாவின் நிலை அப்படி அல்ல. அதைத் தனியே விட்டால் அது பிழைக்காது. ஆண்டுதோறும் யாராவது சரிவில் இறங்க வேண்டும், யாராவது கூடை சுமக்க வேண்டும், யாராவது சுரூபத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும். மரபைக் காப்பதாகச் சொல்லும் அரசுகளும் திருச்சபையும் ஆய்வு நிறுவனங்களும் கொக்குல்லோவின் பவனியைப் படமெடுத்து ஆவணமாக்குவதோடு நின்றுவிடாமல், அந்த இருநூறு பேர் அங்கேயே வாழ வழிசெய்ய வேண்டும். அதுவே புனித தொமினிக்கின் விழாவுக்குச் செய்யக்கூடிய உண்மையான காவல்.